சிறுவயதில் கத்னா செய்யப்பட்ட பெண் அதிலிருந்து மீள முடியுமா? ஊரில் இதை எப்படிப் பேசுவது?

கேள்வி இதுதான். உங்கள் தோழி கிழக்கிலங்கை முஸ்லிம் குடும்பத்துப் பெண். பிறந்து நாற்பது நாள் ஆகும்போது தனக்குக் கத்னா, அதாவது பிறப்புறுப்பில் கீறுவதோ வெட்டுவதோ, செய்யப்பட்டது என்று அவருக்கு இப்போதுதான், அதுவும் முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும் நேரத்தில், தாயின் வாயால் தெரிய வந்திருக்கிறது. உடம்பில் என்ன போனது, அது திரும்ப வருமா, பிரசவத்தில் சிக்கல் வருமா, பிறப்பது பெண் பிள்ளையானால் வீட்டாரை எப்படித் தடுப்பது, ஊரறிய இதைப் பேச வேண்டிய கடமை அவருக்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அப்படி ஒரு கடமை அவருக்குக் கிடையாது. நான் லண்டனில் மருத்துவமாதாக, அதாவது பிரசவம் பார்க்கும் தாதியாக, நீண்ட காலம் வேலை பார்த்தவள். என்னிடம் வந்தவர்களில் அதிகம் பேர் சோமாலியா, சூடான், எரித்திரியா, காம்பியா நாட்டுப் பெண்கள். பெப்ரவரி 6, பெண் உறுப்புச் சிதைப்புக்கு எதிரான சர்வதேச நாள். அது நெருங்கினால் போதும், தொண்டு நிறுவனக்காரர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் பாதிக்கப்பட்ட பெண் ஒருத்தியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். எத்தனை வயதில் நடந்தது, யார் பிடித்துக்கொண்டார்கள், கத்தியா பிளேடா என்று மேடையில் கேட்பார்கள். கூட்டம் கண்ணீர் விடும், கை தட்டும். அந்தப் பெண் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தூங்க மாட்டாள். பிறகு நம் கிளினிக்குக்கு வந்து, ஏன் போனேன் என்று தெரியவில்லை என்பாள். விரும்பிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், பேசியதால் பாரம் இறங்கியவர்களும் உண்டு. ஆனால் விழிப்புணர்வு என்ற பெயரில் ஆறாத புண்ணைக் காட்சிக்கு வைக்கச் சொல்வது தவறு. முதலில் அவர் குணமாகட்டும். ஊரைத் திருத்துவது பற்றிப் பிறகு பார்க்கலாம்.

சரி, உடம்புக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் இதை நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில் கிளிட்டோரிஸ் என்னும் பெண்குறி மொட்டின் வெளியே தெரியும் பகுதியையோ அதை மூடியிருக்கும் தோலையோ வெட்டுகிறார்கள். இரண்டாவதில் அதோடு உள் உதடுகளும் போகும். மூன்றாவது, சோமாலியாவிலும் சூடானிலும் அதிகம் காணப்படுவது: உதடுகளை வெட்டி, யோனி வாசலை மூடி, சிறுநீருக்கும் மாதவிடாய்க்குமாக ஒரு சிறு துளை மட்டும் விடுவார்கள். குத்துதல், கீறுதல், சுரண்டுதல், சூடு போடுதல் எல்லாம் நான்காவது வகை. இலங்கையில் கத்னா செய்ய வீட்டுக்கு வரும் பெண்களை ஒஸ்தா மாமி என்பார்கள்; அவர்கள் செய்வதாகப் பெண்கள் சொல்வது பெரும்பாலும் நான்காவது வகையோ முதல் வகையோதான். பிளேடால் ஒரு கீறல், ஒரு சொட்டு இரத்தம் தெரிந்தால் போதும் என்பார்கள். ஆனால் பிறந்து நாற்பது நாளான பிள்ளையின் அந்த இடம் எவ்வளவு சிறியது என்று பிள்ளையைக் குளிப்பாட்டியவர்களுக்குத் தெரியும். தோலை மட்டும் கீற நினைத்த கை எங்கே போய் நின்றது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

உங்கள் தோழி இணையத்தில் தேடியிருந்தால் சோமாலியப் பெண்களின் கதைகளைத்தான் அதிகம் படித்திருப்பார். தனக்கும் அதுதான் நடந்தது என்று அவர் எண்ண வேண்டாம். அதே நேரம், உனக்கு நடந்தது ஒன்றுமில்லை என்று யாரும் அவரிடம் சொல்லவும் வேண்டாம். வெட்டின் அளவுக்கும் வேதனையின் அளவுக்கும் நேர்க்கணக்கு கிடையாது. மூன்றாம் வகை செய்யப்பட்டும் தன் தாம்பத்தியத்தில் நிறைவாக இருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். வெறும் கீறலோடு தப்பியும் கணவன் தொட்டால் உடம்பு இறுகிப்போகிற பெண்களையும் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு ஆறுதலாக இருக்கக்கூடிய ஒரு உடற்கூற்று உண்மை இருக்கிறது. கிளிட்டோரிஸ் என்பது வெளியே தெரியும் அந்தச் சிறு மொட்டு மட்டும் அல்ல. ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓகானல் 1998 இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அந்த உறுப்பின் பெரும்பகுதி உள்ளே, யோனியின் இருபுறமும் கால் விரித்தாற்போல் இறங்குகிறது. வெட்டியவர்கள் தொட்டது அதன் நுனியை மட்டுமே. ‘எல்லாம் போய்விட்டது’ என்று நம்பிக்கொண்டிருந்த பெண்களிடம் இதைப் படம் போட்டுக் காட்டும்போது, பலர் அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்பார்கள்.

இனி அவர் செய்யக்கூடியது. நம்பிக்கையான பெண் மருத்துவர் ஒருவரிடம் போய், எனக்குக் கத்னா செய்திருக்கிறார்கள், பார்த்துச் சொல்லுங்கள் என்று நேரடியாகக் கேட்கலாம். பரிசோதனைக்கு முன்னே மூன்று விஷயங்களைச் சொல்லி வைக்கட்டும்: நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும், என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்ய வேண்டும், தேவையில்லாத ஆள் அறைக்குள் வேண்டாம். விரும்பினால் கையில் ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டு மருத்துவரோடு சேர்ந்து தானும் பார்க்கலாம். எங்கள் கிளினிக்கில் தன் உடம்பை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்த பெண்கள் நிறையப் பேர். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கைக்குழந்தையில் போட்ட கீறல் பெரும்பாலும் வடு இல்லாமல் ஆறிவிடும். மருத்துவர் ஒன்றும் தெரியவில்லை என்றால், தாய் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. பெரிய சேதம் மிஞ்சவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வடு இருந்து, அதில் சிறு கட்டி வளர்ந்திருந்தாலோ, தொட்டால் சுரீரென்று வலித்தாலோ அதற்கு வைத்தியம் இருக்கிறது. வடுவுக்குள் தோல் சிக்கி உருவாகும் கட்டியை அகற்றுவது சிக்கலான காரியமல்ல.

பிரசவத்தைப் பற்றிய பயம் நியாயமானது. உலக சுகாதார நிறுவனம் புர்க்கினா ஃபாசோ, கானா, கென்யா, நைஜீரியா, செனகல், சூடான் ஆகிய ஆறு நாடுகளில் 28,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவங்களைப் பார்த்து 2006 இல் ஒரு முடிவை வெளியிட்டது. சிதைப்பு எவ்வளவு கடுமையோ அந்த அளவுக்குச் சிசேரியனும், பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கும், பிள்ளை இறப்பும் கூடுகிறது என்பதே அது. முதல் வகையில் அபாயம் கூடுவது மிகக் குறைவு. உங்கள் தோழிக்கு இது பெரிய தடையாக இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் பிரசவம் பார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வலி ஏறியிருக்கும் நேரத்தில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாம் வகைப் பெண்களின் கதை வேறு. மூடிய வாசலைத் திறக்க ஒரு சிறு அறுவை உண்டு. மரத்துப்போகும் ஊசி போட்டு, வடுவை நடுக்கோட்டில் வெட்டி, இரு ஓரங்களையும் தனித்தனியாகத் தைத்துவிடுவார்கள். பெரும்பாலோர் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். அறுவைக்கு முன் நாங்கள் தவறாமல் சொல்லும் விஷயம், இனி சிறுநீர் கழிக்கும்போது சத்தம் வரும் என்பது. வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் ஏழு எட்டு வயதிலிருந்து சொட்டுச் சொட்டாக, ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. சூடானியப் பெண் ஒருவர், சொல்லியிருந்தும், கழிவறைக் கதவைத் திறந்துகொண்டு பதறி வந்தார். உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது, தண்ணீர் கொட்டுகிறது என்றார். பக்கத்தில் அவருடைய மாமியார் இருந்தார். அவருக்கும் சிறு வயதில் அதே போல் மூடியிருந்ததுதான். முதலில் சிரித்தது அந்த மாமியார். பிறகு இருவரும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வெட்டிய கிளிட்டோரிஸை மீட்டெடுக்கும் அறுவை பற்றியும் அவர் படித்திருக்கலாம். பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோல்டெஸ் அதைப் பரவலாக்கினார். வடுவை அகற்றி, உள்ளே புதைந்திருக்கும் பகுதியை வெளியே கொண்டுவந்து தைப்பதுதான் முறை. 2012 இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையில் 2,938 பெண்களின் விவரம் இருந்தது. வலி குறைந்தது, உணர்ச்சி கூடியது என்று பலர் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒரு வருடம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வராதவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்குத் தெரியும்? உலக சுகாதார நிறுவனம் 2016 இல் வெளியிட்ட வழிகாட்டலிலும், பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே இருந்தது. கீறலோ சிறு வெட்டோ மட்டும் நடந்த ஒருவருக்கு இந்த அறுவையைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் எண்ணம். இருக்கும் நல்ல தசையில் இன்னொரு வடு எதற்கு?

மனசு பற்றித்தான் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். ஆறு ஏழு வயதில் பிடித்து வைத்து வெட்டப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த நாள் அப்படியே நினைவில் நிற்கும். செனகல் தலைநகர் டாக்காரில் நடத்தி 2005 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், வெட்டப்பட்ட 23 பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு, போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வருவதாக நாம் கேள்விப்படும் அதே பேரதிர்ச்சிக் கோளாறு இருந்தது. வெள்ளை உடையைக் கண்டால் நடுக்கம், பரிசோதனைக் கட்டிலில் கால் வைத்ததும் மயக்கம், கெட்ட கனவு எல்லாம் இதன் அறிகுறிகள். இவர்களுக்குப் பேச்சு முறைச் சிகிச்சை பலன் தருகிறது. நினைவை அழிக்க முடியாது. ஆனால் அந்த நினைவு வந்தால் மூச்சு முட்டாமல் இருக்கும் நிலைக்குக் கொண்டுவரலாம்.

உங்கள் தோழிக்கு நினைவு கிடையாது. அவருக்கு வந்திருப்பது வேறு வகைக் குழப்பம். இதுவரை தன்னுடையது என்று நினைத்திருந்த உடம்பைப் பற்றி மற்றவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்திருக்கிறது. உம்மம்மாவுக்குத் தெரியும், மாமிக்குத் தெரியும், ஒஸ்தா மாமிக்குத் தெரியும், தனக்குத் தெரியாது. கோபம் வரும். அதற்குப் பிறகு, எனக்கு இது இப்படி இருப்பதற்கும், அது பிடிக்காததற்கும் எல்லாம் அதுதான் காரணமோ என்ற சந்தேகம் ஒவ்வொன்றாக முளைக்கும். தாம்பத்தியத்தில் ஏதாவது குறை இருந்தால் அதைக் கத்னாவின் கணக்கில் எழுதிவிடத் தோன்றும். எழுதாமல் கொஞ்சம் பொறுப்பது நல்லது. கர்ப்பகாலத்தில் ஆசை குறைவது, களைப்பு, பேசாமல் விட்ட சண்டை என்று நூறு காரணங்கள் எல்லாப் பெண்களுக்கும் உண்டு. நீ உடைந்துபோனவள் என்று வெளியாள் வந்து சொல்வது, சில சமயம் அந்தப் பிளேடை விடவும் அதிகமாகக் காயப்படுத்துகிறது.

தாய் மீதான கோபத்துக்கு அவசரமாக மருந்து தேட வேண்டாம். மன்னித்துவிடு, அவரும் பாவம் என்று உடனே அறிவுரை சொல்லும் ஆட்களைத் தள்ளி வைக்கட்டும். பாவம் என்பது உண்மைதான். தலைமுடி இறக்குவது, பெயர் வைப்பது போல இதையும் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய ஒன்றாக நினைத்துத்தான் செய்திருப்பார். செய்யாமல் விட்டால் பிள்ளை சுத்தமில்லாமல் போய்விடும் என்று பயந்திருப்பார். வெறுப்பில் செய்தவர்கள் அல்ல இவர்கள், பாசத்தில் செய்தவர்கள். அதனால்தான் இதை ஜீரணிக்க இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு மகள் தன் வேகத்தில்தான் வந்து சேர வேண்டும். தாயே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார் என்பது நல்ல அறிகுறி. பல வீடுகளில் அந்தப் பேச்சே எழுவதில்லை.

கணவருக்குச் சொல்லலாமா என்று கேட்டால், சொல்லலாம், சொல்வது நல்லது. இலங்கையில் இது பெண்களுக்குள்ளேயே நடந்து முடிகிற காரியம். தன் வீட்டில் இது நடப்பதே பல ஆண்களுக்குத் தெரியாது. தகப்பன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னாலே பாதி விஷயம் முடிந்துவிடும்.

இப்போது ஊருக்கு வருவோம். இந்த வழக்கம் ஏன் சட்டம் போட்டும் லேசில் சாவதில்லை? ஒரு குடும்பம் தனியாக நிறுத்த முடியாத வழக்கம் இது. ஊரில் எல்லாப் பெண்ணுக்கும் செய்திருக்கும்போது என் மகளுக்கு மட்டும் செய்யவில்லை என்றால் அவளை யார் கட்டுவார்கள் என்பதுதான் ஆப்பிரிக்க கிராமங்களில் தாயின் கணக்கு. செனகலில் மலிகூந்தா பம்பாரா என்ற கிராமத்துப் பெண்கள் 1997 இல் இனி வெட்ட மாட்டோம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். தொஸ்தான் என்ற அமைப்பு அங்கே நடத்திய வகுப்புகளில் உடல்நலமும் உரிமைகளும் படித்தவர்கள் அவர்கள். பக்கத்து ஊர்களில் வசவு விழுந்தது. அப்போது தெம்பா தியாவரா என்ற முதிய இமாம் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். நம் பிள்ளைகள் கல்யாணம் கட்டுவது பத்து ஊர்களில், ஒரு ஊர் மட்டும் நிறுத்தி என்ன பயன் என்றார். சொந்தக்காரர்கள் இருந்த ஊர்களுக்கெல்லாம் நடந்தே போனார். யாரையும் குற்றம் சொல்லவில்லை, அங்கிருந்த பெண்களைப் பேச வைத்தார். 1998 இல் பல கிராமங்கள் சேர்ந்து ஒரே மேடையில் அறிவித்தன. செனகலில் சட்டம் வந்தது அதற்குப் பிறகு, 1999 இல். இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன்.

காம்பியாவில் வரிசை தலைகீழ். அன்றைய ஜனாதிபதி திடீரென்று அறிவிக்க, 2015 இல் தடைச் சட்டம் வந்தது. 2023 இல்தான் மூன்று பெண்களுக்கு முதல் தண்டனை, 15,000 தலாசி அபராதம். ஒரு பிரபல இமாம் அந்த அபராதத்தைக் கட்டினார். அடுத்த வருடம் தடையையே நீக்கும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்டது. 2024 ஜூலையில் அது தோற்கடிக்கப்பட்டது உண்மை. ஆனால் ஜஹா டுகுரே போன்ற பெண்கள், தாங்களே பாதிக்கப்பட்டவர்கள், மாதக்கணக்கில் அலைந்து உறுப்பினர்களைத் தனித்தனியாகப் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கென்யாவில் 2011 இல் கடும் சட்டம் வந்தது. வெட்டப்பட்ட பெண்களின் பங்கு 1998 இல் 38 சதவீதமாக இருந்தது, 2022 இல் 15 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் அங்கே குறைவு சட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது, பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த இடங்களில் வேகமாகவும் நடந்தது. வெட்டுகிறவர்களுக்குப் பணம் கொடுத்துக் கத்தியைக் கீழே போட வைக்கும் விழாக்கள் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கேட்கும் வீடுகள் இருக்கும்வரை வேறொருத்தி கத்தியை எடுத்துக்கொள்வாள்.

இலங்கையில் என்ன நடந்தது என்று பார்த்தால், 2017 கடைசியில் பாராளுமன்றக் குழு ஒன்றின் முன் முஸ்லிம் பெண்கள் சிலர் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். பெயர் வெளியே வராமல் சொன்னார்கள். 2018 மே மாதம் சுகாதார அமைச்சு, மருத்துவர்கள் இதைச் செய்யக்கூடாது என்று சுற்றுநிருபம் விட்டது. பெயர் சொல்லாமல், முகம் காட்டாமல் பேசியும் ஒரு நாட்டின் சுகாதாரத் துறையை அசைக்க முடிந்தது. உங்கள் தோழிக்கு மனமிருந்து பேச விரும்பினால் அந்த வழி இருக்கிறது. ஆனால் சுற்றுநிருபம் கட்டுப்படுத்துவது மருத்துவர்களைத்தான், வீட்டுக்கு வரும் ஒஸ்தா மாமியை அல்ல. தனிச் சட்டம் எதுவும் வரவில்லை. சில முஸ்லிம் அமைப்புகள், தடுப்பதற்குப் பதில் மருத்துவர் கையாலேயே சுத்தமாகச் செய்ய விடுங்கள் என்று கேட்டன. எகிப்து அந்த வழியில் போன நாடு. அங்கே வெட்டுவது இன்று பெரும்பாலும் மருத்துவர்கள்தான். 2007 இல் ஒரு சிறுமி செத்ததும் கிளினிக்கில்தான். பிளேடு சுத்தமானதால் வழக்கம் தேயவில்லை, மாறாக ஒரு மரியாதை சேர்ந்துகொண்டது.

மார்க்கம் என்று மாமியார் சொன்னால் என்ன பதில்? வெளியாளாகிய நானோ நீங்களோ அதில் தீர்ப்பு சொல்லப் போனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் உங்கள் தோழி கேட்கலாம். குர்ஆனில் இது இல்லை. ஆதாரமாகக் காட்டப்படும் பிரபலமான ஹதீஸை, அதாவது நபிமொழியை, தொகுத்த அபூ தாவூதே அது பலவீனமானது என்று குறித்திருக்கிறார். இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபில் கடமை என்ற கருத்து வலுவாக இருக்கிறது, இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் அந்த வழியினர், மார்க்க அறிஞர்களின் உலமா சபையும் முன்பு அப்படி ஃபத்வா கொடுத்திருந்தது. ஆனால் 2007 இல், அந்தச் சிறுமி இறந்த பிறகு, எகிப்தின் தலைமை முஃப்தி அலி ஜுமுஆ இது விலக்கப்பட்டது என்று அறிவித்தார். இன்னொன்றும் சொல்லலாம்: எகிப்தில் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இது நடந்திருக்கிறது, பெரும்பாலும் கிறிஸ்தவர்களான கென்யாவின் கிசி மக்களிடமும் நடக்கிறது, உலகின் பெரும்பாலான முஸ்லிம்களிடம் இல்லை. இந்தியாவில் தாவூதி போஹ்ரா என்ற முஸ்லிம் சமூகத்துப் பெண்கள் உள்ளிருந்தே எழுப்பிய எதிர்ப்பு 2018 இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வரை போயிருக்கிறது.

பேசும் ஆள் யார் என்பதும் ஒரு விஷயம். சோமாலிலாந்தின் எட்னா அடன் இஸ்மாயில் 1976 இலேயே சோமாலியாவில் இதைப் பகிரங்கமாகப் பேசியவர். அவர் சிறுமியாக இருந்தபோது மருத்துவரான தகப்பன் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து வீட்டுப் பெண்கள் செய்து முடித்தார்கள், திரும்பி வந்த தகப்பன் கோபத்தில் கொதித்தார். பிறகு எட்னா மருத்துவமாதாகப் படித்தார், சோமாலிலாந்துத் தலைநகர் ஹர்கெய்சாவில் மகப்பேற்று ஆஸ்பத்திரி கட்டினார். அவரிடம் பிள்ளை பெற்ற பெண்கள் அவர் சொல்வதைக் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் மாறினார்கள் என்று சொல்ல முடியாது, அங்கே இன்னும் பெரும்பாலான பெண்கள் வெட்டப்பட்டவர்கள்தான். ஆனால் அந்தப் பேச்சை வெட்கங்கெட்ட பேச்சு என்று யாரும் தள்ள முடியவில்லை. கிழக்கிலங்கையில் அந்த இடத்தில் இருப்பவர்கள் வீடு வீடாக வரும் குடும்பநல மருத்துவமாதுகள். போஸ்டர் ஒட்டுவதை விட, பிள்ளை பிறந்த பத்து நாளில் நிறை பார்க்க வரும்போது அவர்கள் தாயிடமும் பாட்டியிடமும் சொல்லும் இரண்டு வார்த்தை மேல்.

உங்கள் தோழி செய்ய வேண்டியது சின்னதுதான், ஆனால் நேரத்தோடு செய்ய வேண்டும். பிரசவத்துக்கு முன்பே கணவரிடம் சொல்லட்டும். தாயை, கோபம் இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளட்டும். தாய் வேண்டாம் என்றால் மாமியார் வீட்டில் அதிகம் வாதம் வராது. அப்புறம், அந்த நாற்பது நாளில் பிள்ளையைக் குளிப்பாட்டவோ தூக்கிப் போகவோ யாரிடம் தனியாக விடுவது என்பதை அவரும் கணவரும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளட்டும், ஏனென்றால் இது தாய்க்குத் தெரியாமலும் நடந்திருக்கிறது. பகையாகாமல் தவிர்க்க வேண்டுமானால் தலைமுடி இறக்குவதையும் பெயர் வைப்பதையும் விருந்தையும் நன்றாகவே செய்யலாம். பிள்ளைக்கு ஒன்றும் செய்யவில்லையே என்ற குறை பாட்டிகளுக்கு இருக்காது. யாராவது, டாக்டரிடம் கொண்டுபோய்ச் செய்தால் ஆபத்தில்லை என்று நடுவழி சொன்னால், 2018 சுற்றுநிருபத்தின் பிரதி ஒன்றை முன்பே எடுத்து வைத்திருந்து காட்டட்டும்.